மூன்றரை அங்குல நாள்

மூன்றரை அங்குலச் சதுரம். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் கெட்டியான வெள்ளைத்தாள். நான்கு மூலையிலும் பென்சிலால் ஒவ்வொரு புள்ளி. புள்ளிகளைச் சேர்த்து ஓர் எல்லைக்கோடு. அது நேராக இருக்க வேண்டியதில்லை. எல்லைக்குள் மனம் போன போக்கில் ஒரு பென்சில் இழை. அது வளையலாம், தன்னையே வெட்டிக்கொண்டும் போகலாம். தாள் இப்போது சில அறைகளாகப் பிரிந்திருக்கும். பிறகு கறுப்பு மைப் பேனாவை எடுத்து ஒவ்வோர் அறையையும் ஏதாவது ஒரு வடிவத்தால் நிரப்ப வேண்டும், ஒரே கோட்டைத் திரும்பத் திரும்பப் போட்டு. முடிந்ததும் பென்சிலால் கொஞ்சம் நிழல், ஓரத்தில் பெயரின் முதலெழுத்து. கடைசியாகத் தாளைக் கைநீட்டிப் பிடித்து நிதானமாகப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்ப்பதையும் இந்த முறையின் ஒரு படியாகவே வகுத்திருக்கிறார்கள்.

இதற்கு ஜென்டாங்கிள் என்று பெயர். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த ரிக் ராபர்ட்ஸும் மரியா தாமஸும் இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் உருவாக்கியது. மரியா அழகெழுத்துக் கலைஞர். ரிக் முன்பு பல ஆண்டுகள் துறவியாக வாழ்ந்தவர். பெரிய எழுத்து ஒன்றின் பின்புலத்தில் சின்னச் சின்ன வடிவங்களை நிரப்பிக்கொண்டிருந்தபோது நேரம் போவதே தெரியவில்லை, கவலை ஒன்றும் அண்டவில்லை என்று மரியா சொல்ல, அது தியானத்தின் நிலைதான் என்று ரிக் அடையாளம் கண்டாராம். அந்த நிலைக்கு யாரும் போய்ச்சேரும்படி இருவரும் படிகள் அமைத்தார்கள். படம் வரையவே வராது என்று நம்பியிருந்த லட்சக்கணக்கானவர்களின் கையில் பேனாவைக் கொடுத்தது இந்த முறை. அதைச் சின்ன விஷயமாக நான் நினைக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் ஓவிய வகுப்போடு வரைவதை நிறுத்திவிட்டவர்கள்தான் நம்மில் பெரும்பாலோர்.

நாள்தோறும் வரையும் சவால் பிறகு வந்து சேர்ந்தது. பெக்கா கிராகுலா 2012இல் வெளியிட்ட பாடநூல், நாளுக்கு ஒரு சதுரம் என்று ஆறு வாரத்துக்குப் பாடம் வகுத்தது. அதற்கு மூன்று ஆண்டு முன்பே, அக்டோபரின் 31 நாளும் மையால் ஒவ்வொரு படம் வரையும் வழக்கத்தை ஜேக் பார்க்கர் என்ற அமெரிக்க ஓவியர் தொடங்கியிருந்தார். அது உலகெங்கும் பரவியது. இன்று ஆண்டு முழுவதும் எங்காவது ஒரு சவால் நடந்துகொண்டே இருக்கிறது. மாதம் பிறக்கும்போது வடிவங்களின் பட்டியல் வரும். இன்றைக்கு இது, நாளைக்கு அது. வரைந்ததைப் படமெடுத்துக் காட்ட வேண்டும். விடாமல் எத்தனை நாள் வரைந்திருக்கிறோம் என்பது எண்ணாகப் பக்கத்தில் நிற்கும்.

சின்னச் சதுரத்தில் வரைவதை மதிக்கிறேன். அதை அன்றாடம் செய்வதை இன்னும் மதிக்கிறேன். அந்த எண்ணைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. ஏன் என்று சொல்வதற்கு முன்னால், சதுரத்துக்குள் என்ன நடக்கிறது என்று பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

‘கிரசென்ட் மூன்’ என்றொரு வடிவம். புதிதாகத் தொடங்குபவர்களுக்குப் பெரும்பாலும் முதலில் சொல்லித்தருவது. எல்லைக்கோட்டை ஒட்டிச் சின்னப் பிறைகள் போட்டு, ஒவ்வொன்றையும் மையால் நிரப்ப வேண்டும். பிறகு பிறையைச் சுற்றி ஒரு கோடு, அதைச் சுற்றி இன்னொரு கோடு. பக்கத்துப் பிறையின் கோடுகள் வந்து முட்டியதும், அங்கிருந்து எல்லாப் பிறைகளுக்கும் பொதுவாக ஒரே அலைக்கோடு. நடுப்பகுதி நிரம்பும்வரை அதையே தொடர வேண்டும். கேட்கும்போது ஒன்றுமில்லாததுபோல் இருக்கும். வரையும்போதுதான் தெரியும்: முதல் பிறை கொஞ்சம் கோணலாக விழுந்திருந்தால் அடுத்த கோடு அந்தக் கோணலைத் தொட்டுக்கொண்டே போகும், அதற்கடுத்ததும் போகும். ஆறாவது ஏழாவது கோட்டுக்கு வரும்போது அந்தக் கோணல் அந்தத் தாளுக்கே உரிய வளைவாகியிருக்கும். ஒரே படிகளைப் பார்த்து வரைந்த இரண்டு பேரின் தாள்கள் ஒன்றுபோல் அமையாததன் காரணம் இதுதான். யாரும் வித்தியாசமாக வரையத் திட்டமிடவில்லை. அவரவர் கை எங்கே தடுமாறியது என்பதே அவரவர் படமாகிவிடுகிறது.

‘பாரடாக்ஸ்’ என்ற வடிவம் இன்னொரு வகை. ஒரு முக்கோணம். அதன் ஒரு மூலையில் தொடங்கி, அடுத்த மூலைக்குச் சற்று முன்பாகவே பக்கத்தில் போய் முட்டும் ஒரு நேர்கோடு. முட்டிய இடத்திலிருந்து அதேபோல் அடுத்த கோடு. இப்படியே சுற்றிச் சுற்றி நடுவை நோக்கிப் போனால், நேர்கோட்டைத் தவிர எதுவும் வரையாத தாளில் சங்கின் உட்புறம்போல் ஒரு சுருள் எழுந்து நிற்கும். ஒன்றையொன்று துரத்தும் புள்ளிகளின் பாதை என்று கணிதம் படித்தவர்கள் இந்த வளைவை அறிவார்கள். வரைபவருக்கு அந்தக் கணிதம் தேவையில்லை. ‘சற்று முன்பாக’ என்பதை ஒவ்வொரு முறையும் ஒரே அளவாக வைத்துக்கொள்ளும் கவனம் மட்டும் வேண்டும். அது எளிதில்லை. கவனம் எந்தக் கணத்தில் விலகியது என்பதைச் சுருளே காட்டிக்கொடுத்துவிடும்.

திரும்பத் திரும்பச் செய்வது மூளைக்கு வேலையில்லாத காரியம் என்ற எண்ணம் படித்தவர்களிடம் ஊறிக்கிடக்கிறது. ‘படைப்பு’ என்றால் முன்பு இல்லாத ஒன்று என்று பழகிவிட்டோம். வாசல் கோலத்தையும் அப்படித்தான் பார்த்தோம், பெண்களின் கைப்பழக்கம் என்று. கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் கமலா கிருத்திவாசனும் 1974இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, கோலங்களை இலக்கண விதிகளால் பிறக்கும் வடிவங்களாக எடுத்துக்கொண்டு ஆராய்ந்தது. கணினிக் கோட்பாட்டில் இடம்பெற்ற ஆய்வு அது. சில விதிகள், அவற்றைத் திரும்பத் திரும்பப் பொருத்தினால் எண்ணற்ற கோலங்கள். எழுதப்படிக்கத் தெரியாத பாட்டியும் அந்த விதிகளை விரலில் வைத்திருந்தார். திரும்பச் செய்வதில் சிந்தனை இருக்கிறது; அது வேறிடத்தில் நடக்கிறது, அவ்வளவுதான்.

பேனாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜென்டாங்கிளுக்குப் பெரும்பாலோர் பயன்படுத்துவது ஜப்பானின் சகுரா நிறுவனத்தின் மைக்ரான் 01. கோட்டின் தடிமன் கால் மில்லிமீட்டர். அதிலுள்ள மை 1982இல் வந்தது. சாயத்துக்குப் பதில் நுண்ணிய நிறமித் துகள் கலந்த மை. நீர் பட்டால் கரையாது, வெயிலில் எளிதில் வெளிறாது. அழிப்பானுக்கு இந்த முறையில் இடமே இல்லை. இங்கே தவறு என்பதே கிடையாது என்று இதைச் சொல்லித்தருபவர்கள் கூறுவது வழக்கம். அதை நான் ஏற்கவில்லை. தவறு உண்டு. நேராகப் போக வேண்டிய கோடு வளைந்தால் அது தவறிய கோடுதான். கைக்கு அது தெரியும். ஆனால் அழிக்க வழியில்லை என்றாகிவிட்டால் அதை வைத்துக்கொண்டு அடுத்தது என்ன செய்வது என்று யோசித்தே ஆக வேண்டும். இன்னொரு கோட்டை அதையொட்டிப் போடலாம். அந்த இடத்தைக் கறுப்பால் நிரப்பலாம். வளைவையே விதியாக்கி மற்ற கோடுகளையும் வளைக்கலாம். தவறே இல்லை என்று சமாதானம் சொல்வதைவிட, தவறு நடந்த பிறகும் அந்தத் தாளிலேயே வேலை இருக்கிறது என்று கற்பது பெரிய காரியம்.

தாள் ஏன் இவ்வளவு சிறியது? ஒரே அமர்வில் முடிந்துவிட வேண்டும் என்பதுதான் காரணம். இந்தக் காரணத்தின் ஆழம் முதலில் பிடிபடாது. நம்முடைய நாள்களில் முடிகிற வேலைகள் மிகக் குறைவு. சமைத்த பாத்திரம் மறுபடி அழுக்காகும். அலுவலகக் கோப்பு இன்னொரு மேசைக்குப் போய்த் திரும்பி வரும். படுக்கையில் கிடக்கும் பெரியவரைப் பார்த்துக்கொள்ளும் மகளுக்கு எந்த வேலையும் முடிவதே இல்லை; முடியும் நாளை அவர் நினைத்துப்பார்க்கவும் அஞ்சுவார். அப்படிப்பட்ட ஒருவருக்கு இரவில் தொடங்கி, இருபது நிமிடத்தில், நான்கு எல்லைக்குள் முடிந்துவிடும் ஒன்று கிடைப்பது அலங்காரம் இல்லை. அன்றைக்குத் தன் கையால் ஒன்று முழுமையாயிற்று என்பதற்கு அது சான்று. மருத்துவமனை வராந்தாக்களில் பின்னல் ஊசியோடு அமர்ந்திருக்கும் பெண்களைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

இதனால் மனம் அமைதிப்படுகிறது என்று நிறையச் சொல்கிறார்கள். ஆய்வுகள் சொல்வது அதைவிடக் கொஞ்சம். 2005இல் கரி, காசர் என்ற இரு ஆய்வாளர்கள் 84 கல்லூரி மாணவர்களை வைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். முதலில் மாணவர்களைப் பயந்த அனுபவம் ஒன்றை எழுதச்செய்து பதற்றத்தை உண்டாக்கினார்கள். பிறகு ஒரு பிரிவினர் மண்டல வடிவத்துக்கு வண்ணம் தீட்டினார்கள், இன்னொரு பிரிவினர் கட்டம்போட்ட வடிவத்துக்கு, மூன்றாம் பிரிவினருக்கு வெற்றுத்தாள். வடிவம் கிடைத்த இரு பிரிவினருக்கும் பதற்றம் குறைந்தது. வெற்றுத்தாள் கிடைத்தவர்களுக்கு அந்த அளவு குறையவில்லை. 2012இல் இதே சோதனையை மறுபடி செய்தபோது மண்டலத்துக்கு மட்டுமே பலன் தெரிந்தது, கட்டத்துக்குத் தெரியவில்லை. வண்ணம் தீட்டுவதும் கோடு போடுவதும் ஒன்றல்ல என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆகவே மருந்து என்று இதை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். ஆனால் கலங்கிய மனத்துக்கு முழுச் சுதந்திரத்தைக் கொடுத்தால் அது தடுமாறுகிறது, எல்லையும் விதியும் கொடுத்தால் கொஞ்சம் ஊன்றிக்கொள்கிறது என்பது என் அனுபவத்துக்கும் பொருந்துகிறது.

இப்போது அந்த எண்ணுக்கு வருகிறேன்.

சவாலில் சேர்ந்தவர் முதல் வாரம் தாளைப் பார்த்து வரைகிறார். இரண்டாம் வாரத்தில் காய்ச்சல் வருகிறது, அல்லது ஊருக்குப் போக நேர்கிறது, அல்லது வீட்டில் சண்டை. இரவு பதினொன்றரைக்கு நினைவு வருகிறது. தூக்கத்தோடு எழுந்து, பட்டியலை விட்டுவிட்டு, எது சீக்கிரம் முடியுமோ அந்த வடிவத்தால் நிரப்பிப் படமெடுத்து அனுப்புகிறார். எண் காப்பாற்றப்பட்டது. அன்று அவர் வரைந்ததில் அவருடைய கவனம் துளியும் இல்லை. இது நான்கைந்து முறை நடந்த பிறகு, சதுரத்தை எடுக்கும்போதே மனத்தில் வருவது தாளின் வெண்மை இல்லை, கடிகாரம். ஒருநாள் உண்மையிலேயே தவறிவிடுகிறது. எண் பூஜ்யத்துக்குப் போகிறது. அத்தோடு பலர் பேனாவையே வைத்துவிடுகிறார்கள். இருபது நாள் வரைந்தவர் என்ற நினைவு அவருக்கு இருக்க வேண்டும். இருப்பதோ இருபத்தொன்றாம் நாள் தோற்றவர் என்ற நினைவு. அமைதிக்காக ஏற்படுத்திய ஒன்று, ஏற்கெனவே குற்றவுணர்ச்சியோடு வாழ்பவர்களுக்கு இன்னொரு குற்றவுணர்ச்சியைக் கொடுத்து அனுப்புகிறது. இதை நான் சின்னத் தீங்காக எடுத்துக்கொள்ளவில்லை.

விடாமல் செய்தால்தான் பழக்கமாகும் என்று இதற்குப் பதில் சொல்வார்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியும் அவருடன் பணியாற்றியவர்களும் 96 பேரைக் கவனித்துச் செய்த ஆய்வு இருக்கிறது. புதிய செயல் ஒன்று தானாக வரும் பழக்கமாவதற்கு இடைநிலை அளவாக 66 நாள் ஆயிற்று. ஆளுக்கு ஆள் அது 18 நாளிலிருந்து 254 நாள்வரை வேறுபட்டது. அந்த ஆய்வின் இன்னொரு முடிவை அதிகம் பேர் சொல்வதில்லை: இடையில் ஒருநாள் தவறியது பழக்கம் அமைவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. சங்கிலி அறுந்தால் எல்லாம் போயிற்று என்பதற்கு அங்கே ஆதாரம் கிடையாது.

அன்றாடத்தை வைத்தே தன் வாழ்நாள் பணியைச் செய்த ஓர் ஓவியரை இங்கே நினைக்கிறேன். ஆன் கவாரா, ஜப்பானில் பிறந்து நியூயார்க்கில் வாழ்ந்தவர். 1966 ஜனவரி 4 அன்று ஒரு வரிசையைத் தொடங்கினார். ஒரே நிறம் பூசிய பரப்பில் வெள்ளையாக அன்றைய தேதி; வேறெதுவும் இல்லை. அன்று எந்த நாட்டில் இருக்கிறாரோ, பெரும்பாலும் அந்த நாட்டு வழக்கப்படி தேதியை எழுதுவார். விதி கடுமையானது: அன்று நள்ளிரவுக்குள் ஓவியம் முடியாவிட்டால் அதை அழித்துவிடுவார். 2014இல் அவர் இறந்தார். ஏறத்தாழ அரை நூற்றாண்டுப் பணியில் சேர்ந்தவை சுமார் 3000 ஓவியங்கள். அந்தக் காலத்தின் நாள்களோ பதினேழாயிரத்துக்கும் மேல். அதாவது, பெரும்பாலான நாள்களில் அவர் தேதி ஓவியம் வரையவே இல்லை. சில நாள்களில் ஒன்றுக்கு மேலும் வரைந்தார். அவருடைய கண்டிப்பெல்லாம் ஒரு நாளுக்குள் இருந்தது: எடுத்தால் இன்றைக்குள் முடி. நேற்று எடுத்தாயா, நாளை எடுப்பாயா என்ற கேள்வி அந்த விதியில் இல்லை. நாளுக்கு இவ்வளவு மரியாதை செய்த ஒருவர் நாள்களைத் தொடர்ச்சியாக நிரப்பியாக வேண்டும் என்று நினைக்கவில்லை. அன்றாடச் சவால் நடத்தும் எல்லோரும் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

புள்ளி வைத்துத் தொடங்கி, திரும்பும் வடிவத்தால் நிரப்பி, நாள்தோறும் செய்வது என்றதும் தமிழ் வாசகர் மனத்தில் கோலம் வந்திருக்கும். இரண்டுக்கும் பிறப்புறவு கிடையாது. நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள் என்று பெருமை பேசவும் இதில் ஒன்றுமில்லை. ஆனால் அன்றாடத்தைத் தலைமுறை தலைமுறையாகச் சுமந்த ஒரு வழக்கம் இடைவெளியை எப்படி வைத்திருந்தது என்று பார்க்கலாம். அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்றால் மகள் போடுவாள், மருமகள் போடுவாள், வாசல் தெளிக்க வருபவரே ஓர் இழை இழுத்துவிட்டுப் போவார். தொடர்ச்சி வீட்டுக்கு உரியது, தனி ஆளுக்கு உரியதல்ல. வீட்டில் சாவு நேர்ந்தால் கோலம் கிடையாது. வெறும் வாசலைப் பார்த்ததும் தெருவே புரிந்துகொள்ளும். தவறிவிட்டது என்று யாரும் எண்ண மாட்டார்கள். துக்கம் தீர்ந்த பிறகு மறுபடி கோலம் வரும், விட்டுப்போன நாள்களைக் கேட்பவர் இல்லை. கோலம் பெண்களின் முதுகில் ஏற்றிய கடமையாகவும் இருந்தது, விடியுமுன் எழுந்தே ஆக வேண்டிய கட்டாயமாகவும் இருந்தது. அதை மறைத்துவிட்டு அதன் அழகை மட்டும் பேச எனக்கு விருப்பமில்லை. அவ்வளவு கட்டாயத்துக்குள்ளும் நோய்க்கும் சாவுக்கும் இடம் வைத்திருந்தார்கள். தானே விரும்பிச் சேர்ந்த சவாலில் அந்த இடம் இல்லாமற்போனது வருத்தமாக இருக்கிறது.

இந்தியாவில் கோட்டை மட்டுமே நம்பி வரைந்த நஸ்ரீன் முகமதியை இந்தச் சதுரங்களில் வரைபவர்கள் அறிந்திருக்க வேண்டும். 1937இல் கராச்சியில் பிறந்தவர். லண்டனிலும் பாரிஸிலும் பயின்றார். 1972 முதல் பரோடா பல்கலைக்கழகத்தின் நுண்கலைத் துறையில் கற்பித்தார். பேனா, பென்சில், கட்டட வரைவாளர்களின் கருவிகள். தாளில் மெல்லிய கோடுகள், கட்டங்கள், சாய்வுகள். இணையாக ஓடும் கோடுகளில் ஒன்றின் அழுத்தம் மட்டும் மயிரிழை மாறும். பார்ப்பவருக்கு மூச்சு ஒரு கணம் நிற்கும். கையின் அசைவைக் கட்டுப்படுத்த முடியாமல் செய்யும் நரம்பு நோய் அவரைப் படிப்படியாகப் பிடித்தது. அந்த நோயோடும் அந்தக் கோடுகளை வரைந்தார். 1990இல் இறந்தார். 2016இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் தன் புதிய கிளையைத் திறந்தபோது வைத்த முதல் கண்காட்சிகளில் ஒன்று அவருடையது. அவர் தம் ஓவியங்களில் பெரும்பாலானவற்றுக்குத் தலைப்பு வைக்கவில்லை, தேதியும் இடவில்லை. எது முதலில் வந்தது, எது பின்னர் வந்தது என்று ஆய்வாளர்கள் இன்றும் கோட்டைப் பார்த்துத்தான் ஊகிக்கிறார்கள். அவர் எத்தனை நாள் வரைந்தார், எத்தனை நாள் வரையவில்லை என்பது யாருக்கும் தெரியாது. அதனால் அந்தத் தாள்களில் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

சவால் நடத்துபவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. பட்டியலைக் கொடுங்கள், வடிவங்களைச் சொல்லிக்கொடுங்கள், பழகியவர்கள் புதியவர்களுக்கு உதவட்டும். எண்ணை மட்டும் எடுத்துவிடுங்கள். விடாமல் வரைந்தவருக்குப் பட்டயம் கொடுக்காதீர்கள். மாத முடிவில் ஐந்து சதுரம் வைத்திருப்பவரும் முப்பது சதுரம் வைத்திருப்பவரும் ஒரே மேசையில் தங்கள் தாள்களைப் பரப்பட்டும்.

நடுவில் விட்டுவிட்டவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் அலமாரியில் எங்கோ மீதித் தாள்கள் இருக்கும். பேனாவின் மை அநேகமாகக் காய்ந்திருக்காது. விட்டுப்போன நாள்களுக்கெல்லாம் சேர்த்து வரைய உட்காராதீர்கள். இன்றைக்கு ஒன்று வரையுங்கள், நாளைக்கு வரைவதைப் பற்றி நாளைக்கு முடிவு செய்துகொள்ளலாம்.